ஆரோன்புரத்தில் கிடைத்த பாறை

ஆரோன்புரத்தில் நாலு கதவு இறுகினால்தான் தச்சுவேலை நேசையா வீட்டில் அடுப்பு எரியும். இதை அவனே பெருமையாகச் சொல்லிக்கொண்டு திரிவான். வெட்கம் அவன் பக்கம் எட்டிப் பார்த்ததில்லை.

மணியாச்சிக்குத் தெற்கே, ரயில் பாதையிலிருந்து கூப்பிடு தூரத்தில் இருந்த அந்த ஊர் முழுக்கக் கரிசல் மண். ஐப்பசி மழை விழுந்ததும் மண் ஊறி உப்பும், சுவரை அடியிலிருந்து தூக்கும், நிலை கோணும், கதவு சிக்கிக்கொள்ளும். மாசி பிறந்து வெயில் ஏற ஏற அதே மண் சுருங்கிப் பாளம் பாளமாக வெடிக்கும். சுவர் இறங்கி, கதவுக்கும் நிலைக்கும் நடுவே கோழி நுழைகிற அளவுக்குச் சந்து விழும். மழைக்காலத்தில் நேசையா இழைப்புளியைத் தூக்கிக்கொண்டு போய்க் கதவைச் சீவுவான். வெயில் காலத்தில், சீவின அதே கதவில் ஒரு சட்டத்தை வைத்து அடைப்பான். அறுபது வீடு, ஒரு ஜெபவீடு, ஒரு பள்ளிக்கூடம் என்று வருஷம் முழுக்க அவனுக்கு வேலை இருந்தது. சீவும்போதும் ஒரு நூல் மிச்சம் வைத்துத்தான் சீவுவான். அடுத்த மழைக்கு அந்த வீட்டார் தன்னை மறந்துவிடக் கூடாதே என்கிற அக்கறை.

கை இப்படி என்றால் வாய் அதற்கு மேல். மாமியாரும் மருமகளும் மல்லுக்கு நிற்கிற வீட்டில்தான் கதவு அதிகமாக இறுகுகிறது, பல வருஷமாகப் பார்த்து வருகிறேன் என்று ஒரு மழைக்காலத்தில் கிணற்றடியில் கொளுத்திப் போட்டான். ஒரு மாதம் ஊரில் சண்டைச் சத்தமே கேட்கவில்லை. கதவுகள் வழக்கம்போல் இறுகின. அப்படியானால் அவள் மனசுக்குள் என்னைத் திட்டிக்கொண்டிருக்கிறாள் என்று மாமியார்களும் மருமகள்களும் தனித்தனியாக முடிவு கட்டி, அதுவரை இல்லாத சண்டையெல்லாம் கிளம்பியது. சபையை நடத்திவந்த இஸ்ரவேல் உபதேசியார், நேசையா சொன்னது எதுவானாலும் இரண்டு பேரிடம் விசாரித்துவிட்டு நம்புங்கள் என்று ஆராதனை அறிவிப்புகளோடு சேர்த்துச் சொல்ல வேண்டியதாயிற்று.

1908 ஆவணியில் நேசையாவுக்குக் கல்யாணம் ஆனது. பெண் திசையன்விளைப் பக்கத்துப் பாக்கியவதி. செம்மணல் மேடான தேரிக்காட்டில் பிறந்தவள். கதவு என்றால் தள்ளினால் திறக்கும், இழுத்தால் சாத்தும் என்று நம்பி வளர்ந்தவள்.

அந்த ஐப்பசியில் நாலு நாள் அடைமழைக்குப் பிறகு ஒரு காலையில் அவள் உள்ளே இருக்கக் கதவு இறுகிக்கொண்டது. நேசையா விடியற்காலையிலேயே அடுத்த தெருக் கதவுகளைச் சீவப் போயிருந்தான். அவள் ஜன்னல் வழியாகக் கூப்பிட்டுப் பார்த்தாள். தச்சன் வீட்டுக் கதவில் வேறொருவன் கை வைப்பது மரியாதையா என்று அக்கம்பக்கத்தார் தள்ளி நின்று பார்த்தார்கள். மத்தியானம் அவன் வந்து, சிரித்துக்கொண்டே கதவைப் பெயர்த்து எடுத்தான். அவள் சிரிக்கவில்லை.

அடுத்து வெயில் வந்தது. வீட்டுக்குள்ளேயே தரை வெடித்தது. கையிலிருந்து நழுவின அகப்பை வெடிப்புக்குள் போய் விழுந்த சத்தம்கூடக் கேட்கவில்லை. அப்போது அவள் ஏழு மாதக் கர்ப்பம். பங்குனியில் ஒரு நாள், பாய் விரிக்கிற இடத்து வெடிப்பிலிருந்து ஒரு கருந்தேள் கொடுக்கைத் தூக்கிக்கொண்டு வெளியே வந்தது. மறுநாள் தலைப்பிரசவத்துக்கு அழைத்துப் போக அவள் தம்பி வண்டி கொண்டுவந்தான். வண்டியில் ஏறி உட்கார்ந்த பிறகுதான் பாக்கியவதி பேசினாள்.

"பிள்ளையத் தூக்கிட்டு நான் இந்த வீட்டுக்கு வரமாட்டேன். ஒரு மழை முழுசும் பெஞ்சு ஓயட்டும். அதுக்குப் பெறகும் கதவு லேசாச் சாத்துதுன்னு எழுதுங்க, வாரேன். இல்லேன்னா நீங்க எங்க ஊருக்கு வந்து ஓலைப்பெட்டி முடைஞ்சு பொழைங்க."

அவள் சொன்னால் சொன்னதுதான் என்பது ஏழு மாதத்தில் அவனுக்கு நன்றாகப் புரிந்திருந்தது. ஊரையெல்லாம் சிரிக்க வைத்த ஆளுக்கு அன்றைக்குச் சோறு இறங்கவில்லை. அவளை அவனுக்கு அவ்வளவு பிடித்திருந்தது. பிறக்கப் போகிற பிள்ளை, அப்பனை யாரோ ஒரு விருந்தாளி என்று நினைத்து வளர்ந்துவிடுமோ என்று பயந்தான்.

யோசித்தான். இந்தச் சுற்று வட்டாரத்தில் தான் ஒரு தடவைகூடச் சீவாத கதவு எது? ஒன்றே ஒன்று இருந்தது. ரயில்வே கேட்டின் காவல் வீட்டுக் கதவு. வேலை கேட்டு மூன்று தடவை அங்கே போய், மூன்று தடவையும் வெறுங்கையோடு திரும்பியிருக்கிறான். கேட் பார்த்தவர் மேலப்பாளையத்து மீரா முகைதீன். ஐம்பது வயசுக்காரர், வெற்றிலை போடாமல் பேச மாட்டார். இந்தத் தடவை நேசையா வேலை கேட்கவில்லை. கதவு ஏன் இறுகவில்லை என்று கேட்டான்.

அந்த வீடு எழும்பியபோது மண் சுமந்தவர்களில் மீரா முகைதீனும் ஒருவர். அவர் ஒரு நூலில் கல்லைக் கட்டி, பக்கத்தில் இருந்த வெடிப்புக்குள் விட்டுப் பார்த்தார். மூன்றரை முழம் போய்க் கல் நின்றது.

"கரிசலோட மல்லுக்கு நிக்காதேயும் வே. வெடிப்பு எம்புட்டு ஆழம் போவுதோ அம்புட்டையும் வெட்டி வெளிய போட்டுரும். அங்கன ஆத்து மணலக் கொட்டி, தண்ணி விட்டு, பைய இடிச்சு இறுக்கும். மணலு நனைஞ்சா உப்பாது, காஞ்சாச் சுருங்காது. அதுமேல சுவர வச்சா அது பாட்டுக்கு நிக்கும். கூரைத் தண்ணி மட்டும் சுவரடியில தேங்கக் கூடாது, தள்ளி ஓடணும்" என்றார்.

நேசையாவுக்கு நிலை கொள்ளவில்லை. நேரே ஊர்க் கொத்தனாரிடம் ஓடிப்போய்ச் சொன்னான். கொத்தனார் முகம் வெளுத்துவிட்டது. கரணையைக் கீழே வைத்துவிட்டு உபதேசியாரைக் கூட்டிக்கொண்டு வந்தார்.

விஷயம் இதுதான். மணல்மேல் வீடு கட்டி, மழைக்கும் வெள்ளத்துக்கும் அதைப் பறிகொடுத்த புத்தி கெட்டவன் கதை ஆரோன்புரத்தில் மூன்று வயசுப் பிள்ளைக்கும் தெரியும். ஞாயிற்றுப் பள்ளியில் அதற்குக் கைச்சைகைகூட உண்டு. வீடு விழுகிற இடத்தில் பிள்ளைகள் மொத்தமாகத் தரையில் விழுவார்கள். ஆழத் தோண்டிப் பாறைமேல் கட்டினவன்தான் கெட்டிக்காரன். இது தெரிந்திருந்தும் சபையைச் சேர்ந்த ஒருத்தன், அதுவும் ஒரு தச்சன், காசு கொடுத்து மணலை வரவழைத்து அதன்மேல் கட்டுவேன் என்கிறான்.

உபதேசியார் கோபப்படவில்லை. வருத்தப்பட்டார். அது கோபத்தைவிட மோசம். "மணல்மேல கெட்டுத வீட்டுக்கு நான் ஜெபம் பண்ணமாட்டேன்லே" என்று சொல்லிவிட்டார். உபதேசியார் ஜெபம் பண்ணாமல் அந்த ஊரில் எந்தக் கொத்தனாரும் முதல் கல்லை வைக்க மாட்டார். அத்தோடு விஷயம் முடிந்தது என்று எல்லோரும் நினைத்தார்கள்.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை நேசையா சபைக்கு நடுவில் எழுந்து நின்றான். தன் மூடத்தனத்துக்காக வெட்கப்படுவதாகச் சொன்னான். பழைய வீட்டுக்குப் பக்கத்துக் காலி இடத்தில், பாறை கிடைக்கிற வரைக்கும் தோண்டப் போவதாகச் சொன்னான். கரிசலில் பாறைக்கு எங்கே போவது என்று யாரும் கேட்கவில்லை. மனம் திரும்பினவனிடம் அப்படியெல்லாம் கேட்கக் கூடாது. உபதேசியார் அவன் தலையில் கை வைத்தார்.

தோண்டினான். வீட்டுச் சுவர் வரப்போகிற நாலு பக்கமும் அகலமாக அஸ்திவார வானம் தோண்டி, கறுப்பு மண்ணைக் கூடை கூடையாக வெளியே கொட்டினான். கொத்தனாரும் கூட இறங்கி உதவினார். சாயங்காலமானால் ஊர் வந்து குழியை எட்டிப் பார்க்கும். பாறை வந்துவிட்டதா என்று கேட்பவர்களிடம், வாசனை வந்துவிட்டது, இன்னும் கொஞ்சந்தான் என்பான். மூன்றரை முழத்தில் வெடிப்புகள் நின்றன. அதற்குக் கீழே ஈரம் மாறாத களிமண். நேசையா மண்வெட்டியை வைத்துவிட்டு வைகாசிக்காகக் காத்திருந்தான்.

வைகாசியில் பாளையங்கோட்டையில் சபைகளின் கூட்டம் மூன்று நாள் நடக்கும். ஆரோன்புரமே வண்டி கட்டிக்கொண்டு போய்விடும். அந்த வருஷமும் போனது, நேசையா நீங்கலாக. அவன் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சுருண்டு கிடந்தான். உபதேசியார் அவனுக்காக ஜெபித்துவிட்டுக் கடைசி வண்டியில் ஏறினார். வண்டி கண்ணுக்கு மறைந்ததும் எழுந்து முகம் கழுவி வேட்டியை மடித்துக் கட்டினான்.

பக்கத்து ஊர் ஐயம்பெருமாளிடம் நாலு மாட்டு வண்டிகள் இருந்தன. நாலுக்கும் புது நுகத்தடி செய்து தருவதாகப் பேச்சு. சீவலப்பேரியில் ஆறு வற்றி மணல் திறந்து கிடந்த நேரம். மூன்று நாளும் வண்டிகள் போய்ப் போய் வந்தன. கேட்டுக்கு ஆள் மாற்றி விட்டுவிட்டு மீரா முகைதீனும் வந்தார். ஒரு சாண் மணல் கொட்டுவதும், தண்ணீர் விட்டு ஊற வைப்பதும், திமிசுக் கட்டையால் இடித்து இறுக்குவதும், மறுபடி ஒரு சாண் கொட்டுவதுமாக மூன்று பேருக்கும் இடுப்பு ஒடிந்தது. இதை ஏன் திருட்டுத்தனமாகச் செய்ய வேண்டும் என்று ஐயம்பெருமாள் கேட்டார். நேசையா அந்த மணல் வீட்டுக் கதையைச் சொன்னான். சுடலைமாடனைக் கும்பிடுகிற ஐயம்பெருமாள் அதை அன்றைக்குத்தான் முதல் தடவையாகக் கேட்கிறார். வண்டிச் சக்கரத்தில் சாய்ந்தபடி நிதானமாக யோசித்தார்.

"அந்த ஆளு ஆத்துக்குள்ள போயிக் கெட்டிருப்பான். வெள்ளம் வந்தா இழுக்கத்தான் செய்யும். அதுக்கு மணலு என்னவே செய்யும்?" என்றார்.

இத்தனை வருஷத்தில் எந்தப் பிரசங்கத்திலும் கேட்காத விளக்கம். நேசையா அதை மனசுக்குள் முடிந்து வைத்துக்கொண்டான்.

கடைசி நாள்தான் அவன் தன் புத்தியைக் காட்டினான். ஐயம்பெருமாள் வண்டியிலேயே அகலமான பலகைக் கற்களைக் கொண்டுவந்து மணல்மேல் நெருக்கிப் பரப்பினான். சந்துகளில் கரிசலைக் குழைத்து அடைத்தான். மேலே அங்கங்கே மண்ணைத் தூவி, மண்வெட்டி பட்டதுபோல் நாலு கீறலும் போட்டான். மேலிருந்து பார்த்தால், சிருஷ்டிப்பின் நாளிலிருந்து அங்கேயே கிடக்கிற பாறை.

ஊர் திரும்பியது. குழியின் ஆழம் குறைந்திருக்கிறதே என்று கேட்டவர்களிடம், ஊரின் ஜெபத்துக்கு இரங்கிப் பாறையே மேலே எழும்பி வந்துவிட்டது என்றான் நேசையா. உபதேசியார் வண்டியிலிருந்து இறங்கிய காலோடு வந்து பார்த்தார். குழிக்குள் இறங்கிக் கைக்கம்பால் தட்டினார். டங்கென்று கேட்டது. தள்ளிப் போய்த் தட்டினார், அங்கேயும் டங். அவர் கண் கலங்கிவிட்டது. கொளுத்துகிற வெயிலில் அங்கேயே நின்று ஒரு மணி நேரம் ஜெபித்தார். பாறைக்காக, பாறையைத் தேடினவனுக்காக, அவன் வயிற்றுவலிக்காக. நேசையா கண்ணை மூடிக்கொண்டு நின்றான். கொஞ்சம் உறுத்தத்தான் செய்தது. பாக்கியவதியை நினைத்துக்கொண்டு உறுத்தலை விழுங்கினான்.

ஆவணியில் வீடு முடிந்தது. கூரைத் தண்ணீர் ஓடிப்போக வீட்டைச் சுற்றிக் கல் பதித்துச் சரிவு வைத்தான். ஐப்பசியில் மழை விடாமல் கொட்டித் தீர்த்தது. ஊர்க் கதவெல்லாம் இறுகியது. நேசையா பகலெல்லாம் ஊர்க் கதவுகளைச் சீவிவிட்டு, சாயங்காலம் வந்து தன் வீட்டுக் கதவைத் திறப்பான், சாத்துவான், மறுபடி திறப்பான். சுண்டுவிரல் பட்டால் போதும், கதவு அடங்கி உட்கார்ந்தது. கார்த்திகை முடிவில் திசையன்விளைக்குக் கடுதாசி எழுதினான். ஆனியில் பிறந்த மகனை அதுவரை ஒரே ஒரு தடவைதான் பார்த்திருந்தான். கிறிஸ்துமஸுக்கு முந்தின வியாழக்கிழமை வருகிறேன் என்று பாக்கியவதியிடமிருந்து பதில் வந்தது.

அதே வாரம் ஜெபவீட்டின் மேற்குச் சுவர் உச்சியிலிருந்து தரைவரை பிளந்தது. சபை கூடியது. உபதேசியார் எழுந்தார். முகத்தில் அப்படி ஒரு வெளிச்சம். இந்தக் கரிசல் காடு முழுவதிலும் கர்த்தர் ஒரே ஒரு பாறையைத்தான் வைத்திருக்கிறார், அதை நம் கண்ணுக்குக் காட்டியும் விட்டார், மழைக்கு அசையாத அந்த இடத்தில்தான் புது ஜெபவீடு எழும்ப வேண்டும் என்றார். நேசையாவுக்கு ஊர் வேறு இடம் கொடுக்கும், அவன் மரத்தையும் கூரை ஓடுகளையும் ஒன்று குறையாமல் பிரித்துக் கொடுத்துவிடலாம். சபை ஸ்தோத்திரம் சொன்னது. பெண்கள் திரும்பி நேசையாவை மரியாதையோடு பார்த்தார்கள். அவன் பிறந்ததிலிருந்து யாரும் அவனை அப்படிப் பார்த்ததில்லை.

நேசையா இரண்டு பக்கமும் யோசித்துப் பார்த்தான். மாட்டேன் என்றால் கடவுளுக்கே மாட்டேன் என்றதாகிவிடும். சரி என்றால் பாக்கியவதி வந்த வண்டியிலேயே திரும்பிப் போவாள், பிள்ளையும் போகும். வேறு வழி இல்லாமல், வாழ்க்கையிலேயே முதல் தடவையாக, ஊர் கூடின இடத்தில் உண்மையைச் சொன்னான்.

"ஐயா, அங்கன பாறை கெடையாது. கல்லுக்கு அடியில முழுசும் ஆத்து மணலு. நான்தான் போட்டேன்."

ஜெபவீடே சிரித்தது. இடத்தை விட மனசில்லாமல் புளுகுகிறான், பாறையை மணலாக்குகிறான் பார் என்று சிரித்தார்கள். அவன் சத்தியம் பண்ணினான், இன்னும் சிரித்தார்கள். கம்பால் தட்டிப் பார்த்தவன் நானாக்கும் என்று உபதேசியார் அன்போடு அவன் தோளைத் தட்டிக் கொடுத்தார். வீட்டைப் பிரிக்க வியாழக்கிழமை என்று நாள் குறித்தார்கள்.

வியாழக்கிழமை காலையில் கடப்பாரைகளோடு ஊர் வந்தபோது, நேசையா வாசல் மூலையில் குழிக்குள் நின்றுகொண்டிருந்தான். சுவரை ஒட்டி, கல் சரிவைப் பெயர்த்துத் தோண்டியிருந்தான். எல்லோரும் பார்க்க, பலகைக் கல்லுக்கு அடியில் கையை விட்டு இழுத்தான். ஈர மணல் பொலபொலவென்று சரிந்து அவன் காலடியில் விழுந்தது. இப்போது யாரும் சிரிக்கவில்லை. உபதேசியார் குனிந்து ஒரு பிடி அள்ளினார். ஒரு மணி நேரம் வெயிலில் நின்று எதற்காக ஜெபித்தோம் என்பது அவருக்கு அப்போதுதான் உறைத்தது. இவ்வளவு நல்ல மனுஷனை இப்படி நிற்க வைத்துவிட்டோமே என்று நேசையா நிஜமாகவே கூசிப்போனான்.

அந்த நேரத்தில்தான் பாக்கியவதியின் வண்டி வந்து நின்றது. கடப்பாரைகளையும் குழிக்குள் நிற்கிற புருஷனையும் பார்த்துக்கொண்டே அவள் பிள்ளையோடு இறங்கினாள். என்ன நடந்தது என்று நாலு பேர் நாலு விதமாகச் சொன்னார்கள். உபதேசியார் எல்லோரையும் கையமர்த்தினார். ஜெபவீடு இங்கே வராது, ஆனால் இந்த வீடும் நிற்கக் கூடாது, சின்னப் பிள்ளைகளுக்கு இது தப்பான பாடம் என்றார். பிறகு அவளைப் பார்த்து, "நீயே சொல்லும்மா. மணல்மேல நிக்குத வீட்டுல பச்சப்பிள்ளையக் கெடத்துவியா?" என்று கேட்டார்.

பாக்கியவதி பிள்ளையை நேசையா கையில் கொடுத்தாள். படியேறிப் போய்க் கதவை ஒரு விரலால் தள்ளினாள். சாத்தியது. இழுத்தாள். திறந்தது. திரும்பி வந்து, முந்தானையைத் தலையில் இழுத்து விட்டுக்கொண்டு உபதேசியார் முன்னால் நின்றாள்.

"ஐயாவுக்கு எங்கன வச்சு ஞானஸ்நானம் குடுத்தாங்க?"

இது ஊருக்கே தெரிந்த சேதி. உபதேசியாருக்கும் தெற்கே தேரிக்காடுதான் பூர்வீகம். அவருக்கு ஞானஸ்நானம் கொடுத்த கோயிலின் கோபுரம் அஞ்சு மைலுக்குத் தெரியும் என்று மாதத்துக்கு ஒரு பிரசங்கத்திலாவது சொல்லிவிடுவார். இப்போதும் சொன்னார், கொஞ்சம் பெருமையாகவே.

"அந்தக் கோயிலு எதுமேல நிக்குது ஐயா? எங்க பக்கத்துல எங்கன கைய வச்சாலும் மணல் தவிர வேற என்ன இருக்கு? எங்கம்மா வீடு மணல்மேலதான் நிக்குது. உங்க கோயிலும் மணல்மேலதான் நிக்குது. இன்னைக்கு வரைக்கும் அங்கன ஒரு கதவு இறுகி நான் கேட்டதில்ல."

அந்தக் கோபுரத்தடி மணலில் உபதேசியார் சிறு வயதில் உருண்டு புரண்டு விளையாடியவர். கூட்டத்தில் யாரோ இருமினார்கள். கடப்பாரைகள் ஒவ்வொன்றாகத் தரைக்கு இறங்கின. அவர் தன் கையில் இருந்த மணலைப் பார்த்தார். கீழே போட மனசு வரவில்லை, வைத்திருக்கவும் முடியவில்லை. பிறகு குழி ஓரத்துக்கு வந்து, மற்றவர்கள் காதில் விழாதபடி குனிந்து கேட்டார்.

"ஏலே நேசையா, சீவலப்பேரியில இன்னும் மணலு கெடக்கா?"

நேசையா மனசுக்குள் கணக்குப் போட்டான். முதலில் ஜெபவீடு மணல்மேல் ஏறும். அப்புறம் உபதேசியார் வீடு, அப்புறம் ஒவ்வொன்றாக அறுபது வீடும் ஏறும். கதவெல்லாம் அடங்கி உட்கார்ந்துவிட்டால் இழைப்புளியை ஆணியில் மாட்ட வேண்டியதுதான். இல்லை ஐயா, இந்த மழை வெள்ளம் மணலையெல்லாம் அடித்துக்கொண்டு போயிற்று என்று ஒரு பொய் நாக்கு நுனிவரை வந்து நின்றது. கையில் இருந்த பிள்ளை, யார் இந்த ஆள் என்பதுபோல் அவனை உற்றுப் பார்த்தது. அழவில்லை. அவன் சட்டைக் கழுத்தைப் பிடித்துக்கொண்டு அவன் தோளில் தலையைச் சாய்த்தது.

"கெடக்கு ஐயா. ஊருக்கே போதும்" என்றான் நேசையா.